பதினாலாம் நம்பர்

தாய் மெஸ்ஸுக்கு அந்தப் பெயர் வந்த கதையைக் காளை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவார். நாலு தடவையும் நாலு விதமாகச் சொல்லுவார். நாலும் பொய்.

கல்லாவில் உட்கார்ந்தபடியே தலைக்கு மேலே தொங்கும் போட்டோவைக் காட்டுவார். தங்கப் புத்தருக்கு முன்னால் பூப்போட்ட சட்டையும் கூலிங் கிளாஸுமாக நிற்பது அவரேதான். "அந்த ஊர்ல கெடந்து தொழில் கத்தேன்ல, அப்பவே மனசுல ஒரு வைராக்கியம். நம்ம மதுரைக்காரன் நாக்கும் இந்த ருசிய அறியட்டுமேன்னு." பக்கத்திலேயே சந்தன மாலை போட்ட இன்னொரு போட்டோ, அவரைப் பெற்ற சீனியம்மாள். "பேரும் பொருத்தமா அமைஞ்சு போச்சு பாருங்க. தாய்லாந்துக்கும் தாய், பெத்தவளுக்கும் தாய்." சாப்பிட வந்தவர்கள் வாயில் நூடுல்ஸ் தொங்கத் தலையாட்டுவார்கள்.

உள்ளே அடுப்புக்கு முன்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் அவர் மனைவி கனகலட்சுமி. அடுப்படிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் தட்டு வைக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பதினைந்து வருசமாக மதுரையின் காளவாசல் பகுதியை அவள் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாகத்தான். புருசன் புளுகும்போது அவள் கரண்டியால் வாணலியை ரெண்டு தட்டுத் தட்டுவாள். வெளியே இருப்பவர்கள் அதைச் சமையல் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நிஜக்கதை இவ்வளவுதான். டி. கல்லுப்பட்டியில் உரக்கடை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட காளை, பெண்டாட்டி பிள்ளையோடு காளவாசலுக்கு வந்து, டயர் கடைக்குப் பக்கத்தில் கறிச்சோற்றுக் கடை போட்டார். குடல் குழம்பு, சுக்கா, ஆட்டுக்கால் சூப், அம்புட்டுத்தான். பெற்றவள் பெயரைக் கடைக்கு வைக்க ஆசை. ஆனால் அவள் பெயர் சீனியம்மாள். சாப்பாட்டுக் கடைக்குச் சீனி என்று பெயர் வைத்தால் சுகர்காரன் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்று யாரோ கிளப்பிவிட, 'தாய் மெஸ்' என்று முடிவானது.

போர்டு எழுத வந்தவன் சோணை. தமிழில் எழுதி முடித்துவிட்டு ஏணியில் நின்றபடி கேட்டான். "இங்கிலீஷ்ல என்னண்ணே போட? மதர்னா எடம் பத்தாது. கரண்டுக் கம்பம் மறைக்குது."

"வாயில வர்றத அப்படியே இங்கிலீஷ்ல போடுடா."

சோணை அப்படியே போட்டான். டி, எச், ஏ, ஐ. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த நாலு எழுத்தைப் பார்த்தால் ஆத்தா ஞாபகம் வராது, தாய்லாந்துதான் ஞாபகம் வரும் என்பது சோணைக்கும் தெரியாது, காளைக்கும் தெரியாது. கனகலட்சுமி பன்னிரண்டாவது வரை படித்தவள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

கடை திறந்த ஒன்பதாம் நாள், மெட்ராஸிலிருந்து பேங்க் மெசின் மாட்ட வந்த ஒரு பையன் உள்ளே வந்து உட்கார்ந்தான். "ஒரு தாய் சூப்" என்றான்.

"ஆட்டுக்கால் சூப் இருக்கு தம்பி."

"போர்டுல தாய்னு போட்டிருக்கே. தாய் சூப் இல்லையா?"

காளைக்கு ஒரு குணம் உண்டு. 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வராது. உரக்கடை மூழ்கியதே அந்தக் குணத்தால்தான். "ஏன் இல்லாம, அஞ்சு நிமிசம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் வந்து முழித்தார். "ஏய், தாய் சூப்பாம்ல. அப்படின்னா என்னா?"

"ஒங்க ஆத்தா எப்பங்க சூப்பு வச்சாக?" என்றாள் கனகலட்சுமி.

சீனியம்மாள் சமையலைப் பற்றிக் கல்லுப்பட்டியில் அந்தத் தெருவுக்கே தெரியும். அடிப்பிடித்த வாசனை வந்தால் மணி பன்னிரண்டு என்று அர்த்தம். காளை மட்டும் அம்மா கைப்பக்குவம் அம்மா கைப்பக்குவம் என்று உருகுவார். அவர் உருகிய பக்குவம் எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு கனகலட்சுமி வைத்த குழம்பு. இருக்கட்டும், அதை எதற்குக் கிளறுவானேன்.

கனகலட்சுமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்தப் பையனிடமே கேட்டாள். அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். புளிப்பா இருக்கும், காரமா இருக்கும், எலுமிச்சை வாசனை வரும், தேங்காய்ப்பால் ஊத்துவாங்க, இஞ்சி மாதிரி ஒண்ணு போடுவாங்க, ஆனா இஞ்சி இல்ல. கனகலட்சுமி அடுப்படியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீர் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி நார்த்தை இலை தொங்கியது. மகன் சித்தார்த்தின் சளிக்கு நாட்டு மருந்துக்கடையில் வாங்கிவைத்த சித்தரத்தை டப்பாவில் இருந்தது. அதுவும் இஞ்சி மாதிரிதான், ஆனால் இஞ்சி இல்லை. தேங்காய்ப்பால் ஊற்றி, கோழி பிய்த்துப் போட்டு ஒரு கொதி.

பையன் ரெண்டு கிண்ணம் குடித்தான். மறுநாள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அதன் பிறகு குடல் குழம்பு மெல்ல மெல்லப் பின்னால் போனது. கனகலட்சுமி பழைய புத்தகக் கடையில் ஒரு தாய்லாந்துச் சமையல் புத்தகம் வாங்கிவந்து, பாதி படித்தும் பாதி படம் பார்த்தும் கற்றுக்கொண்டாள். மீன் சாஸுக்குப் பதில் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து வடிகட்டினாள். அந்த ஊர்ப் பனஞ்சர்க்கரைக்குக் கருப்பட்டி. எலுமிச்சைப் புல்லைப் பின்பக்கம் பெயின்ட் வாளியில் வளர்த்தாள். சீனியம்மாள் இருந்த காலத்தில் ஒரே ஒரு முறை கடைக்கு வந்து, நூடுல்ஸை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இடியாப்பத்த ஏன்டி இப்படிக் கொழப்பி வச்சிருக்க" என்றாள். அவள் கடையைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து அதுதான். மாலை என்னவோ அவளுக்குத்தான் விழுகிறது.

காளவாசல்காரர்கள் தாய் சாப்பாட்டைத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நூடுல்ஸுக்கு அப்பளம் கேட்பார்கள். பச்சைக் குழம்பைக் கடைசியில் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர்டான முத்திருளன் சளி பிடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, இங்கே வந்து சூப்பில் கூட ஒரு துண்டு சித்தரத்தை போடச் சொல்லிக் குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போவார். அவரை மருமகன் ஒரு முறை பாங்காக்குக்கே கூட்டிப் போனான். திரும்பி வந்ததும் நேரே கடைக்கு வந்தார்.

"எப்படிண்ணே இருந்துச்சு?" என்றார் காளை.

"ஊரு நல்ல ஊருதான். தாய்ச் சாப்பாடுதான் அவெய்ங்களுக்குச் சரியா வைக்கத் தெரியல."

ஜன்னலுக்குப் பின்னால் கனகலட்சுமிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்குக் கிடைத்த பாராட்டு என்று பார்த்தால் அது ஒன்றுதான். அதையும் முத்திருளன் காளையைப் பார்த்துத்தான் சொன்னார்.

காளை பாங்காக் போனது கடை தொடங்கி ஐந்தாவது வருசம். எண்ணெய்க் கம்பெனிக்காரன் அதிக டின் வாங்கிய ஓட்டல்காரர்களை ஐந்து நாள் டூர் கூட்டிப் போனான். கூடவே சமையல்காரரையும் கூட்டிப் போயிருந்தான். அதனால் காளை அங்கே ஐந்து நாளும் புளியோதரையும் தயிர்ச்சோறும் சாப்பிட்டார். மூன்றாம் நாள் வயிற்றுக்கு ஆகாமல் ரூமிலேயே படுத்துக்கிடந்தார். அந்த ஐந்து நாளில் எடுத்த போட்டோதான் கல்லாவுக்கு மேலே தொங்குவது. அன்றிலிருந்து அவர் தொழில் கற்றவர், கனகலட்சுமி கூடமாட ஒத்தாசை செய்பவள்.

பதினாலாம் நம்பர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மெனு அட்டை அச்சடிக்கக் கொடுத்தபோது பதின்மூன்று அயிட்டங்கள் புத்தகத்தில் உள்ளவை. பதினாலாவது அவளே கண்டுபிடித்தது. சீரகச் சம்பாச் சோறு, அதன்மேல் தேங்காய்ப்பாலில் வெந்த நாட்டுக்கோழி, சித்தரத்தையும் நார்த்தை இலையும் சேர்த்து அரைத்த பச்சை மசாலா, ஒரு விரல் கருப்பட்டிப் பாகு, கடைசியில் வறுத்த கடலையைப் பொடித்துத் தூவல். தாய்லாந்திலும் இது கிடையாது, தமிழ்நாட்டிலும் கிடையாது. "பதினாலுக்குப் பேரு மட்டும் பெறகு சொல்றேன், எடம் விடச் சொல்லுங்க" என்று காளையிடம் சொன்னாள். என்ன பேர் வைக்கப்போகிறாய் என்று அவர் கேட்பார், கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அவர் கேட்கவே இல்லை. பதினாலுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் அச்சாகி வந்தது. அடுத்தடுத்து ஏழு முறை அச்சடித்தபோதும் அந்தக் கோடு அப்படியே வந்தது. ஜனங்களும் கேட்கவில்லை. "அண்ணே, ரெண்டு பதினாலு, ஒரு ஆஃப்பாயில்" என்றார்கள். கடையிலேயே அதிகம் ஓடுவது அதுதான்.

இத்தனை வருசம் இது அவளுக்குப் பெரிய குறையாக இருக்கவில்லை. இருந்தது, ஆனால் வேலை இருந்தது. குறையை வெளியே எடுத்துப் பார்க்க நேரம் வாய்த்தது போன மாசி மாதம், வணிகர் சங்கத்துக்காரர்கள் பதினைந்தாவது வருசத்துக்காகக் கடைக்கே வந்து ஷீல்டு கொடுத்த அன்று. 'தாய்லாந்து சமையல் வித்தகர் திரு. காளை' என்று கண்ணாடியில் பொறித்திருந்தார்கள். காளை மைக்கைப் பிடித்துக்கொண்டு பெற்ற தாய்க்கு நன்றி சொன்னார். போர்டு எழுதிய சோணைக்கு நன்றி சொன்னார். எண்ணெய்க் கம்பெனிக்கு, கேஸ் சிலிண்டர் போடுகிறவனுக்கு, முத்திருளன் அண்ணனின் சளிக்கு என்று எல்லாருக்கும் சொல்லிக் கை தட்டல் வாங்கிவிட்டு, மைக்கை வைக்கப் போனவர் ஞாபகம் வந்து திரும்பினார். "வீட்டுல இருக்கவுகளுக்கும் நன்றி."

கனகலட்சுமி வீட்டில் இல்லை. பத்தடி தூரத்தில், ஜன்னலுக்குப் பின்னால், சங்கத்துக்காரர்கள் இருபத்தாறு பேருக்கும் பதினாலாம் நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. சாமி சத்தியமாக எரிந்தது. கல்யாணமாகி முப்பது வருசத்தில் அந்த மனுசன் அவளைப் பேர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நேரில் 'ஏய்', அடுத்தவரிடம் 'வீட்டுல', போனில் 'அவ'. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். கடைக்குள் ஓர் இடத்தில், ஒரு மூலையில், ஒரு தகரத்திலாவது தன் பெயர் எழுதியிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவள் மனசு அடம்பிடித்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சித்தார்த் மதுரைக்கு மறுபக்கம் ஒத்தக்கடையில் இரண்டாவது கடை போட இடம் பார்த்திருந்தான். மகன் ஓட்டல் படிப்புப் படித்தவன். காலேஜ்கள் நிறைந்த இடம், பிள்ளைகள் கூட்டம் அலைமோதும் என்று கணக்குப் போட்டிருந்தான். ஒரு மத்தியானம், மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, கனகலட்சுமி சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லிவிட்டாள்.

"டேய், புதுக் கடைக்கு என் பேர வைடா."

சித்தார்த் போனிலிருந்து தலையைத் தூக்கினான். காளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன் பேர வச்சா நகைக்கடன்னுல நெனச்சு வருவாய்ங்க. வந்து வளையல் கேட்டா என்ன செய்வ?"

"ஒங்க ஆத்தா பேரப் பாத்து வந்து தாய் சூப்புக் கேட்டவனச் சமாளிக்கலையா?"

அவள் எதிர்த்துப் பேசி அவர் பார்த்ததில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். சித்தார்த்தான் சொன்னான். "வச்சிருவோம்மா. ஒன் பேர வைக்காம நான் வேற யாரு பேர வைக்கப் போறேன்?"

கனகலட்சுமி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

அடுத்த வாரம் சோணை சாப்பிட வந்தபோது ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, தன் பெயரை இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னாள். அவளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. போர்டில் வருகிற மாதிரி பெரிய எழுத்தில், எழுதுகிறவன் கையால் எழுதிப் பார்க்க ஒரு ஆசை. சோணை காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அழகாக எழுதினான். "பதிமூணு எழுத்து வருதுக்கா. கம்பம் இல்லாத எடமாப் பாக்கணும்."

"ஒத்தக்கடைல கம்பம் தள்ளி இருக்கு. நான் பாத்துட்டேன்" என்றாள்.

அந்தத் தாளை மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள். அடுப்பு சிம்மில் இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாள். சோணை போர்டு எழுதுவதை விட்டு, இப்போது விளக்குப் போர்டு செய்து கொடுக்கிற கம்பெனியில் போர்டு மாட்டுகிற வேலை பார்க்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். புதுக் கடைக்கு என்ன வாசகம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவனிடம் கேட்டால் சொல்லிவிடுவான். கேட்கவில்லை. மகன் மறைத்துவைத்துச் செய்கிறான், செய்யட்டும் என்று இருந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையை வெயிலில் காயப்போட்டு எடுத்துவைத்தாள்.

திறப்புவிழா ஒரு வெள்ளிக்கிழமை காலையில். காளவாசல் கடைக்கு அன்று லீவு விட்டார்கள். முத்திருளன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். வாசலில் வாழைமரம், மேளம். போர்டைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சித்தார்த் அம்மா கையில் கயிற்றைக் கொடுத்தான்.

"நீயே இழும்மா. ஒன் பேருதான்."

கனகலட்சுமி கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள். துணி ஓர் ஓரத்தில் மாட்டிக்கொண்டு பாதிதான் இறங்கியது. 'தா' என்ற எழுத்து தெரிந்தது. அவள் பெயரில் அந்த எழுத்தே கிடையாது. சோணை ஏணியில் ஏறி மிச்சத் துணியையும் எடுத்துவிட்டான். பச்சை விளக்கில் 'தாய்' என்று பளபளத்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் அதே நாலு எழுத்து. மூலையில் சின்னதாக 'இரண்டாவது கிளை' என்று.

சித்தார்த் அம்மாவின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டான். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். "அப்பா கடைக்கு அப்பா அவுக அம்மா பேர வச்சாரு. நான் எங்க அம்மா பேர வச்சிருக்கேன். தாய்னா யாரு, எங்கம்மாதான்."

எல்லாரும் கை தட்டினார்கள். முத்திருளன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவருக்குச் சளி வேறு. காளைக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் ஆத்தா பேரு அங்கிட்டு, ஒன் ஆத்தா பேரு இங்கிட்டு. முறையா அமைஞ்சு போச்சுடா" என்றார். ஏணியில் நின்ற சோணை மட்டும் கனகலட்சுமியைப் பார்த்தான். பார்த்துவிட்டு, எதையோ முடுக்குகிறவன் போல ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திரும்பிக்கொண்டான்.

பெற்ற பிள்ளை, ஆசையாகத்தான் செய்திருக்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் நாலு வார்த்தை வைதிருக்கலாம். பிரியத்தோடு செய்தவனை என்ன சொல்ல. ஒரு பெயரைக் கேட்டவளுக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்துக் கையும் தட்டிவிட்டார்கள். துக்கமா எரிச்சலா என்று அவளுக்கே பிடிபடவில்லை, ரெண்டும்தான். பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். இங்கேயும் அதே அளவில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குப் பழக்கப்பட்டதாக இருக்கட்டும் என்று சித்தார்த் பார்த்துப் பார்த்துச் செய்தது.

பத்து மணிக்குக் காலேஜ் பிள்ளைகள் வந்து நிறையத் தொடங்கிவிட்டார்கள். சித்தார்த் புதுசாக வாங்கிய பில் மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"அம்மா, பதினாலுக்குப் பேரு வேணும். காலியா விட்டா மெசின் எடுக்க மாட்டேங்குது."

"பதினாலுனு போடு."

"நம்பர் மட்டும் போட்டா ஏத்துக்காது. எழுத்து வேணும். இங்க இருக்க பிள்ளைகளுக்குத் தாய்லாந்துப் பேராவே இருந்தா நல்லது. ஒனக்குத்தான அந்தப் புத்தகமெல்லாம் தெரியும். சட்டுனு சொல்லு, கூட்டம் நிக்குது."

இத்தனை வருசமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று வைத்திருந்த கேள்வி, ஒரு மெசின் கேட்டு வந்து நிற்கிறது. கனகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு, மணிபர்சிலிருந்து காலண்டர் தாளை எடுத்தாள். சோணை எழுதிய பதின்மூன்று எழுத்தும் மடிப்பில் லேசாக அழிந்திருந்தன.

"எத்தன எழுத்து போடலாம்?"

"எடைவெளியோட சேத்துப் பத்து. அதுக்கு மேல எடுக்காது."

"எழுதிக்க. கே, ஏ, என், ஏ."

"ம்."

"இப்ப ஒரு எடம் விடு."

"விட்டாச்சு."

"ஜி, ஏ, எல், ஏ, கே. அம்புட்டுத்தான்."

தாளில் இன்னும் நாலு எழுத்து மிச்சம் இருந்தது. மெசினில் இடம் இல்லை. சித்தார்த் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படித்தான்.

"கானா கலாக். செம்மயா இருக்கும்மா. அப்படியே பாங்காக்ல போயி எறங்குன மாதிரி இருக்கு. என்ன அர்த்தம்?"

தன் பெயரை நடுவில் உடைத்து, ஓர் இடைவெளி விட்டதும் பெற்ற பிள்ளைக்கே அது அயல்நாடாகப் போய்விட்டதைக் கனகலட்சுமி பார்த்தாள். சிரிப்பு வந்தது. அழுகையும் பக்கத்திலேயேதான் நின்றது.

"அது ஒரு பொம்பள பேருடா. இந்தச் சாப்பாட்டக் கண்டுபிடிச்சது அவதான்."

"யாரு அது?"

"நீ பாத்திருக்க மாட்ட" என்றாள். தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு வாணலியை ஏற்றினாள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மேசைக்கு மேசை கானா கலாக் கானா கலாக் என்றார்கள். தட்டு எடுத்துப்போகிற வேலையைக் காளைதான் இழுத்துப் போட்டுச் செய்தார். நிமிசத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்கு வந்து குரல் கொடுத்தார். "ஏய், ரெண்டு கானா கலாக்." "மூணாம் டேபிள் கானா கலாக் என்னாச்சு?" முப்பது வருசமாக வாயில் வராத பெயர் மத்தியானத்துக்குள் நாற்பது தடவை வந்துவிட்டது. வருவது என்ன என்று வருகிற வாய்க்குத் தெரியவில்லை. கனகலட்சுமி ஒவ்வொரு தடவையும், "இந்தா வாரேன்" என்று பதில் கொடுத்தாள்.

ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் ஆர்த்திகா என்று ஒரு காலேஜ் பெண், தோழிகளோடு உட்கார்ந்திருந்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் காளையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், கானா கலாக்னா என்ன?"

காளை ஏற்கெனவே மகனிடம் கேட்டுவைத்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது ஒரு அம்மா பேரும்மா. பாங்காக்ல பெரிய சமையக்காரம்மா. இந்த அயிட்டத்தக் கண்டுபிடிச்சதே அவுகதான்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேனாவா? அவுக கையால சாப்பிட்டுருக்கேன் தாயி. அவுககிட்டதான தொழிலே கத்தது."

உள்ளே வாணலியை யாரும் தட்டவில்லை. கனகலட்சுமி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்த மனுசன் இத்தனை வருசமாகப் புளுகியதில் முதல் தடவையாக ஒரு நிஜத்தைச் சொல்லியிருக்கிறார்.

"அவங்க எப்படி இருப்பாங்க அங்கிள்?"

காளை மேலே பார்த்து யோசித்தார். புளுகுகிறவருக்கு எப்போதும் கிடைக்கிற வார்த்தை இந்த இடத்தில் கிடைக்கவில்லை. "மொகம் சரியா ஞாபகம் இல்லம்மா. எந்நேரமும் அடுப்படிக்குள்ளயேதான் இருப்பாக."

"பேசிப் பழகலையா?"

"எங்கிட்டுப் பழக? அஞ்சே நாளுதான இருந்தேன்."

ஜன்னலில் தட்டு வந்து நின்றது. "கானா கலாக்" என்றாள் கனகலட்சுமி. காளை திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டு, மூன்றாம் மேசைக்குப் போனார்.